மறுபக்கம் எடுக்காத காசு

தூளியிலிருந்து நீண்டு வந்த கயிற்றின் நுனி கோமதிநாயகத்தின் வலதுகால் பெருவிரலில் கட்டியிருந்தது. காலை நீட்டினால் தூளி ஜன்னல் பக்கம் போகும், மடக்கினால் பீரோ பக்கம் வரும். உள்ளே மகள் கோதை தூங்கிக்கொண்டிருந்தாள், பத்து மாதப் பிள்ளை, துணிக்கு வெளியே ஒரு குதிகால் மட்டும் தெரிந்தது. தூளி ஆடும்போது படம் எடுக்க முடியாது. கால் அசைந்தால் ஸ்டூல் அசையும், ஸ்டூல் அசைந்தால் மேசைக்கும் தெரிந்துவிடும், மேசை துளி நடுங்கினாலும் கேமராவுக்குள் காசு கலங்கிப்போகும். அதனால் ஆட்டிவிட வேண்டும், தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்க வேண்டும், பிள்ளை முனகுவதற்குள் மறுபடி ஆட்டிவிட வேண்டும். ஆட்டு, நிறுத்து, அமுக்கு. ஆட்டு, நிறுத்து, அமுக்கு. கொஞ்ச நேரத்தில் யார் யாரை ஆட்டுகிறார்கள் என்றே அவனுக்குப் பிடிபடவில்லை, கயிற்றின் அந்த நுனியிலிருந்து தூக்கம் மெல்ல மெல்ல இவன் கால் வழியாக ஏறி வருவது மாதிரி இருந்தது. பேனா மூடி ஒன்றை நிறுத்தி, அதன் உச்சியில் காசை வைத்திருந்தான், அடியில் கறுப்பு வெல்வெட் துணி. கேமரா வழியாகப் பார்த்தால் மூடி தெரியாது, துணி தெரியாது, ஒரே இருட்டு, அந்த இருட்டின் நடுவில் காசு எதிலும் ஒட்டாமல் மிதக்கும். திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம். பெயர்தான் சக்கரம், கையில் எடுத்தால் ஒரு துவரம்பருப்பு, மூச்சு விட்டால் பறந்துவிடும். அந்தக் காலத்தில் இதை விரலால் எண்ண மாட்டாமல், குழி குழியாகத் தோண்டிய பலகையில் அள்ளிப் போட்டுக் குலுக்குவார்களாம், குழிக்கு ஒன்றாக உட்கார்ந்ததும் மிச்சத்தைக் கையால் வழித்துவிடுவார்களாம். மேலப்பாளையத்து சாகுல் சொன்னது. சாகுல்தான் இந்தக் காசுகளை இணையத்தில் விற்கிறவன், படம் எடுத்துக் கொடுப்பது இவன் வேலை, ஒரு காசுக்கு இரண்டு படம், தலைப்பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று.

ஜன்னல் சாத்தியிருந்தது. வெளியே ஆடிக்காற்று பாளையங்கோட்டையையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது, மாடிக் கொடியில் யாருடைய சேலையோ படபடவென்று அடித்துக்கொண்டது, மேகம் வரும்போது அறை இருண்டு, போகும்போது வெளுத்தது. ஜன்னல் கண்ணாடியில் அவன் ஒட்டியிருந்த வெண்ணெய்த்தாள் வழியாக வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. ஆடி வந்தால் முகூர்த்தம் கிடையாது, முகூர்த்தம் இல்லாவிட்டால் கல்யாணப் படமெடுக்கிற கோமதிநாயகத்துக்கு வீட்டில்தான் இருப்பு. அவன் மனைவி உலகம்மைக்கோ இதே ஆடியில்தான் மூச்சுவிட நேரமில்லை. ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், தள்ளுபடிக் கூட்டம், ஒருநாள் லீவு கேட்டாலும் சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், காலையில் உள்ளே போனதும் ஃபோனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுகிறார்கள், சாயங்காலம் டீக்கு விடும்போதுதான் கையில் கொடுப்பார்கள். இத்தனை நாள் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாமியார், மகன் வீட்டில் மருமகள் பிரசவம் என்று தூத்துக்குடி போய்விட்டார். போன வாரத்திலிருந்து அவன்தான். காலையில் உலகு செருப்பை மாட்டிக்கொண்டே நின்றாள், படி இறங்கினாள், திரும்ப ஏறி வந்தாள், “தூங்கிர மாட்டீங்கள்லா?” என்று கேட்டாள். நானென்ன சின்னப் பிள்ளையா என்று அவன் சொன்னான். அவள் சிரித்தாளா? சிரித்த மாதிரித்தான் இருந்தது. ராத்திரி மூன்று தடவை கோதை அழுதாள், மூன்று தடவையும் இரண்டு பேரும் எழுந்தார்கள், பல் முளைக்கிற பிள்ளை, யாரைக் குற்றம் சொல்ல. இதே பிள்ளை உலகு வயிற்றில் இருந்தபோது ஸ்கேன் அறையில் திரையைக் காட்டி, இதோ தலை, இதோ கை என்றார்கள், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சாம்பலும் கறுப்புமாக மழைநாள் ரோடு மாதிரி ஏதோ ஓடியது, ஆமா ஆமா என்று தலையை ஆட்டினான், பதினைந்து வருஷம் படம் எடுத்தவனுக்குத் தன் பிள்ளையின் முதல் படத்தில் பிள்ளையைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஆட்டு, நிறுத்து, அமுக்கு. கடைசிக் காசும் முடிந்தது.

முடித்த காசுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து சாகுலின் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டான். ஒன்று குறைந்தது. கொட்டி மறுபடி போட்டான், மறுபடியும் ஒன்று குறைந்தது. சாகுல்தான் தப்பாக எண்ணிக் கொடுத்திருப்பான் என்று முதலில் தோன்றியது, அப்படித் தோன்றியதில் ஒரு சுகம் இருந்தது, அந்தச் சுகத்தில் கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு கேமராவை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். தலை, மறுபக்கம். தலை, மறுபக்கம். புள்ளிகள், வளைந்த கோடு, புள்ளிகள், வளைந்த கோடு. நடுவில் ஓர் இடத்தில் தலை இருந்தது, அடுத்த படமும் தலையாக இருந்தது, வேறு காசின் தலை. படங்களில் பின்னால் போனான், மறுபடி முன்னால் வந்தான். அந்த ஒரு காசுக்கு மறுபக்கமே இல்லை. அழகான காசு அது, விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் நசுங்கல், வெள்ளி கறுக்காமல் நல்ல நிறமாக, இருட்டில் நிலா மாதிரி நின்றது. அதைத் திருப்பி வைக்காமல் ஏன் அடுத்ததற்குப் போனேன்? திருப்பி வைத்தேனே. இடுக்கியில் பிடித்துத் திருப்பியது விரலில் இருக்கிறதே. ஆனால் விரலுக்கு எல்லாக் காசும் ஒரே காசுதான், எதைத் திருப்பியது என்று விரல் எப்படிச் சொல்லும். சும்மா படங்களின் அடியில் இருந்த நேரத்தைப் பார்த்தான். எல்லாப் படங்களுக்கும் நடுவில் இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். அந்தத் தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் மட்டும் இருபது நிமிஷம்.

இருபது நிமிஷமா? கண்ணை மூடித் திறந்தேன், அவ்வளவுதானே. கண் எரிந்தது, மூடினேன், திறந்தேன், பேனா மூடி காலியாக இருந்தது, முடிந்த காசைத் தட்டில் போட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று அடுத்ததை எடுத்து வைத்தேன். அப்போது கோதை தூங்கவில்லை. அவள் தூங்கியது அதற்கு அப்புறம். அப்போது அவள் கீழே பாயில் இருந்தாள், டம்ளரும் கரண்டியும் கொடுத்து விட்டிருந்தான், தட்டிக்கொண்டு இருந்தாள், அந்தச் சத்தம் கேட்கிறவரை பயமில்லை என்று நினைத்தபடியேதான் கண்ணை மூடினான். சத்தம் எப்போது நின்றது? நடுவில் ஒரு கல்யாணம் வந்தது. ஆமாம், கல்யாணம். எந்த ஊர் என்று தெரியவில்லை, மண்டபம் முழுக்க வெள்ளை வெளிச்சம், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள், முகம் இல்லை, தாலி கட்டுகிற நேரம், மேளம் உச்சத்துக்குப் போகிறது, அவன் கேமராவைத் தூக்குகிறான், யாரோ கீழேயிருந்து வேட்டியைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு படம் எடுங்க, ஒரு படம் எடுங்க என்று இழுக்கிற மாதிரி. இரு இரு என்று சொன்னான். மறுபடி இழுத்தார்கள். மேளம் நின்றுவிட்டது. அவ்வளவுதான் கனவு, நல்ல கனவாகத்தான் இருந்தது, விழித்தபோது மனசு குளிர்ந்துதான் இருந்தது. இப்போது அந்த இழுப்பு மட்டும் கனவிலிருந்து கழன்று வந்து எதிரே நின்றது. மேசைமேல் விரித்த வெல்வெட் துணி ஒரு பக்கம் ஸ்டூல் வரைக்கும் தொங்கியது. போன வாரம்தான் கோதை எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தாள், பாவாடை, பீரோ கைப்பிடி, அவன் முழங்கால், எது கிடைத்தாலும். மேளம் என்பது டம்ளர்தானோ? விழித்ததும் அவளைத் தூக்கினானே, அப்போது அவள் வாயில் ஏதோ மென்றாளே, விரலை விட்டுப் பார்த்தானே. இல்லை, அது நேற்று. நேற்று வேர்க்கடலைத் தொலி. இன்றைக்கும் விரலை விட்டேனா? ஈறு கடித்த நினைப்பு இருக்கிறது, ஆனால் அவள் ஈறு தினமும்தான் கடிக்கிறது.

கயிற்றை அவிழ்த்துவிட்டு மெல்ல இறங்கி மண்டியிட்டான். செல்ஃபோன் விளக்கைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் பார்த்தான், அப்படி வைத்தால் தூசிக்குக்கூட நிழல் விழும், அது அவனுக்குத் தெரிந்த வித்தைதான். காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்றுக்கு மலை மாதிரி நிழல். ஒரு திருகாணி. பீரோ அடியில் பளீரென்று ஒன்று மின்னியது, உடம்பெல்லாம் குளிர்ந்தது, சாமி சாமி என்று கையை விட்டு எடுத்தான். உலகுவின் ரவிக்கையிலிருந்து உதிர்ந்த ஜிகினா. அதை விரல்நுனியில் ஒட்டியபடி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பாயை உதறினான், துணியை உதறினான், தன் சட்டை மடிப்பை, வேட்டி மடிப்பை, பிள்ளையின் பால்புட்டியைக்கூடத் திறந்து பார்த்தான். அப்புறம் தேட இடமில்லாமல் தூளிப் பக்கம் போய் நின்றான். துணியை விலக்கினான். கோதை வாயைத் திறந்து தூங்கினாள், மேலுதட்டில் வேர்வை, நெஞ்சு ஏறி இறங்கியது. குனிந்து காதை வைத்தான். காற்றின் சத்தத்தில் அவள் மூச்சின் சத்தம் கேட்கவில்லை, ஜன்னல் கண்ணாடி அதிர்வதுதான் கேட்டது. ஆலங்குளத்தில் அவன் சித்தப்பா மகளின் பிள்ளைக்குக் கடலைப்பருப்பு மூச்சுக்குழாயில் போய், சளி என்று பதினைந்து நாள் மருந்து கொடுத்தார்கள், விசில் மாதிரி மூச்சு வரும். இவளுக்கு விசில் இல்லை. விசில் இல்லைதானே? எழுப்பிப் பார்க்கலாம். எழுப்பினால் அழுவாள், அழும்போது எங்கேயாவது நிற்கிறதை மூச்சு உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டால்? எழுப்பாமல் விட்டால்? இவ்வளவு சின்னக் காசு என்ன செய்துவிடும், வெள்ளிதானே, வெள்ளிப் பாலாடையில்தானே மருந்து புகட்டுகிறோம். அதுவும் எத்தனை கை, எத்தனை மடி, எத்தனை வெற்றிலைப் பை பார்த்த காசு, எவ்வளவு அழுக்கு. தூளியின் கயிற்றைக் கையில் எடுத்தான், ஆட்டவில்லை, கீழே விட்டான். அப்போது ஃபோன் அடித்தது. உலகு. டீக்கு விட்டிருக்கிறார்கள்.

“சாப்பிட்டாளா?” என்றாள். பின்னால் கூட்டத்தின் இரைச்சல், யாரோ மைக்கில் இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்று சொன்னார்கள். “சாப்பிட்டா. தூங்குதா.” “நீங்க?” “நானும் சாப்ட்டேன்.” இதோ இந்த இடத்தில் சரி வை என்று சொல்லிவிடலாம். ராத்திரிக்குள் பீரோ அடியில் கிடைத்துவிடும், கிடைக்காவிட்டால் நாளைக்கோ மறுநாளோ துணி மாற்றும்போது தெரிந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாமலே போய்விடும். அந்த எண்ணம் வெண்ணெய்த்தாள் வெளிச்சம் மாதிரி மெத்தென்று வந்து அவன்மேல் விழுந்தது. “உலகு,” என்றான். குரலிலேயே அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. “என்ன?” “ஒரு காசைக் காணோம். சின்னக் காசு. அவ முழுங்கியிருப்பாளோன்னு இருக்கு.” “நீங்க எங்க இருந்தீங்க?” “இங்கனதான் இருந்தேன். தூங்கிட்டேன்.” “எவ்வளவு நேரம்?” கண்ணை மூடித் திறந்தேன் என்று நாக்கு வரைக்கும் வந்தது. அது பொய்யும் இல்லை, அவனுக்கு அப்படித்தான் இருந்தது. “இருபது நிமிஷம்,” என்றான். “கேமராவுல பாத்தேன்.” அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. மைக்கில் இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்று திரும்பவும் சொன்னார்கள். “மூச்சு விடுதாளா ஒழுங்கா?” “விடுதா.” “இருமினாளா?” “இல்ல.” “தண்ணிகூடக் குடுக்காதீங்க. தூக்கிட்டு ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் நேரா அங்க வந்துருதேன்.” “சூப்பர்வைசர் விடுவாரா?” என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று இருந்தது. அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

ஆட்டோவில் கோதை விழித்துக்கொண்டாள், அழவில்லை, காற்றில் பறக்கிற சுவரொட்டியையும் தார்ப்பாயையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள், ஒருமுறை அவன் மூக்கைப் பிடித்துச் சிரித்தாள். சிரிக்கிற வாய்க்குள் பார்த்தான், இரண்டு பல்லும் சிவந்த நாக்கும்தான் இருந்தன, அதற்கு அப்பால் இருட்டு. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், வயிற்றை அமுக்கினார், “எவ்வளவு பெரிய காசு?” என்றார். அவன் அவசரத்தில் ஃபோனுக்கு ஏற்றி வைத்திருந்த படத்தைக் காட்டினான். டாக்டரம்மா திடுக்கிட்டு, “இவ்வளவு பெருசா?” என்று எழுந்தே விட்டார். “இல்ல டாக்டர், பெருசாக்கி எடுத்தது. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும்.” அவர் அவனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படி முதல்லயே சொல்லுங்க,” என்று உட்கார்ந்தார். “நல்லாத்தான் எடுத்திருக்கீங்க.” எக்ஸ்ரே அறையில் இருந்த பையன் அவனுக்குக் கனமான ஒரு கவசத்தை மாட்டிவிட்டான். “பிள்ளைய நீங்கதான் பிடிக்கணும் அண்ணாச்சி. கை ரெண்டையும் மேல தூக்கிப் பிடிங்க. அசையக் கூடாது, அசைஞ்சா திருப்பி எடுக்கணும்.” அசையக் கூடாது, தெரியும், அவனுக்கா தெரியாது. அந்தச் சட்டை இல்லாத சின்ன உடம்பு குளிர்ந்த பலகையில் பட்டதும் கோதை வீரிட்டாள், அவன் முகத்தைப் பார்த்தபடியே அழுதாள், ஏன் என்னை இப்படிப் பிடிக்கிறாய் என்று கண்ணால் கேட்டாள். அவன் பிடித்தான். எத்தனை ஆயிரம் பேரை அசையாதீங்க அசையாதீங்க என்று சொல்லியிருப்பான், ஒருத்தரையும் இப்படிப் பிடித்ததில்லை. பட்டனை வேறு யாரோ அமுக்கினார்கள். அவள் மூச்சு இழுத்து அடுத்த அழுகைக்குத் தயாராகிற அந்த இடைவெளியில் டிக்கென்று ஒரு சத்தம். வெளியே வந்தபோது உலகு நின்றுகொண்டிருந்தாள், கடைச் சேலை, கழற்ற மறந்த பெயர் அட்டை, ஓடி வந்ததில் கொண்டை அவிழ்ந்திருந்தது. அவனைப் பார்க்கவில்லை. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டாள், தட்டினாள், கோதை அவள் கழுத்தில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து அடங்கினாள். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். மீன்முள் மாதிரி விலா எலும்பு வரிசை, அதற்குக் கீழே மேகம் மாதிரி வெளுப்பும் கறுப்பும், அந்த மேகத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. இந்தத் தடவை யாரும் விரலால் சுட்டாமலே அவன் பார்த்துவிட்டான். “மூச்சுக்குழாய்ல இல்ல. வயித்துக்கு இறங்கியாச்சு,” என்றார் டாக்டரம்மா. “சின்னதுதான், ரெண்டு மூணு நாள்ல தானா வந்துரும். வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ உடனே தூக்கிட்டு வாங்க. வழக்கமா குடுக்குறதக் குடுங்க.” உலகு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரிங்க டாக்டர்,” என்றாள்.

வெளியே சாரல். ஆட்டோக்காரர் இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிட்டார், உள்ளே பச்சை இருட்டாக இருந்தது, வண்டி கிளம்பியது. சாகுல் ஃபோனில் கூப்பிட்டான், கோமதிநாயகம் மெல்ல, “ஒண்ணு மட்டும் ரெண்டு நாள் ஆகும் சாகுல்,” என்றான். “என்ன அண்ணாச்சி, கறுத்திருக்கா?” “இல்ல. அப்புறம் சொல்லுதேன்.” ஃபோனைப் பையில் போட்டான். கோதை உலகுவின் மடியில் உட்கார்ந்து பெயர் அட்டையின் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தாள். இந்தச் சின்ன வயிற்றுக்குள் இப்போது அது எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று அவன் நினைத்தான். வெளிச்சமே இல்லாத இடம், கதகதப்பாக இருக்கும், யாரும் ஆட்டாமலே ஆடும், எத்தனையோ முடிச்சுகளிலும் பெட்டிகளிலும் கிடந்த காசுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்ததில்லை. அவள் சிரிக்கும்போது அதுவும் குலுங்கும். அவள் தூங்கும்போது அதுவும் இறங்கும். நினைக்க நினைக்க பயம் போய் அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது, அதற்கு அவனிடம் பெயர் இல்லை. மன்னிச்சுக்கோ என்று சொல்ல வேண்டும். பாலம் வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தான், பாலம் வந்தது, போனது. அடுத்த சிக்னலில் சொல்ல வேண்டும். சக்கரம் தண்ணீரைக் கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. உலகு கண்ணைக் கசக்கினாள், அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அவன் இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்து நாளாகியிருந்தது. ராத்திரி மூன்று தடவையும் அவளும் எழுந்தாளே. வெண்ணெய்த்தாள் போட்ட ஜன்னல் இல்லாமல், நின்றபடி, பில் மேல் பில் போட்டுக்கொண்டு அவளும் இந்தத் தூக்கத்தோடுதான் இருந்திருப்பாள். அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் பிள்ளையைத் தூக்கி அவன் பக்கம் நீட்டினாள். “இவளப் பிடிங்க,” என்றாள். “வீடு வர்ற வரைக்கும் நான் கொஞ்சம் கண்ண மூடிக்கிடுதேன்.” அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் தலையைப் பின்னால் சாய்த்தாள், அடுத்த பள்ளத்திலேயே அது சரிந்து அவன் தோளுக்கு வந்துவிட்டது, மூச்சு நீளமாகிவிட்டது. கோதை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவன் சட்டைப் பொத்தானை வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் தோளை அசைக்காமல், ஒரு விரலால் அதை எடுத்துவிட்டான். அவள் மறுபடி கொண்டுபோனாள். அவன் மறுபடி எடுத்துவிட்டான்.